கோணக்கண்ணியின் இடது விளக்கு

கேட் திறக்கவில்லை.

சந்து முனையில் திரும்பி, யாரோ தோண்டிப்போட்டு மூடாமல் விட்ட பள்ளத்தை முதல் கியரில் ஊர்ந்து தாண்டி, பாலீஷ்காரன் தன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தான். சந்து அந்த வீட்டோடு முடிந்துவிடும். மதியம் மாட்டிய புது எல்.இ.டி. விளக்குகள் இரண்டும் கம்பிக் கேட்டின் கீழ்ப்பாதியைச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுப்பாக்கியிருந்தன. துரு எங்கெங்கே தின்றிருக்கிறது, போன வருடம் அடித்த பெயின்ட் எங்கெங்கே உப்பியிருக்கிறது, எல்லாம் தெரிந்தது. கதவு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கொண்டிகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதை எடுக்க வேண்டிய கையைத்தான் காணோம்.

இருட்டி வெகுநேரமாகவில்லை. அவன் எப்போதும் வருகிற நேரம்தான். எப்போதும் கார் பள்ளத்தைத் தாண்டும்போதே கொண்டி எடுக்கிற சத்தம் கேட்கும். கார் மூக்கு கேட்டை நெருங்குவதற்குள் அவன் மனைவி ஒரு கதவை இடுப்பால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஈரக்கையைத் தோள்துண்டில் துடைத்தபடி நின்றிருப்பாள். அந்தக் காரில் ஹார்ன் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

தரைக்குப் பாலீஷ் போடுகிறவனுக்குப் பெருமைப்பட அதிகம் கிடையாது. அவன் முகம் பார்க்கிற அளவுக்கு வழித்தெடுத்த தரையில் அடுத்த நாளே சோபாவை இழுத்துப் போட்டுவிடுவார்கள். கார் ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் களைத்த கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெஷினையும் கல்லையும் பக்கெட்டையும் ஏற்றுவான். ஆனால் இந்தக் கேட் விஷயத்தை மட்டும் அவன் வேலை செய்கிற கட்டடங்களில் எல்லாம் சொல்லியிருக்கிறான். "என் வீட்டுக்காரிக்கு இந்த வண்டிச் சத்தம் அத்துப்படி. நூறு வண்டி போகட்டும், எழுந்திரிக்க மாட்டா. என் வண்டி சந்துல திரும்பிச்சுன்னா போதும்." கேட்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "உன் வண்டி சத்தத்துக்குச் செத்தவனே எழுந்திரிப்பான்" என்பார் கொத்தனார். செய்யட்டும். சிரிக்கிறவன் வீட்டில் அவனவன் ஹார்ன் அடித்துத்தான் கேட்டைத் திறக்க வைக்கிறான்.

விளக்கை மாற்றச் சொல்லிச் சொல்லி உயிரை எடுத்தவன் அவன் மச்சினன், மனைவியின் தம்பி. பஸ் டிப்போவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறான். "மாமா, உங்க கார் எதிர்ல வந்தா யாரும் ஒதுங்க மாட்டாங்க. ரெண்டு பேரு பீடி குடிச்சிட்டு நடந்து வர்றாங்கன்னு நெனச்சுக்குவாங்க" என்பான். போன வாரம் மழையில் அந்தப் பீடி வெளிச்சத்தை நம்பி ஜல்லிக் குவியலில் ஏற்றி அடிவயிறு கிழிந்த பிறகுதான் பாலீஷ்காரன் சரி என்றான்.

இன்று மதியம் முழுவதும் அந்த வேலைதான் நடந்தது. முன்விளக்கு, பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற குண்டுமணி பல்பு வரைக்கும் மச்சினன் மாற்றினான். பார்க்கிங் பல்பு எரியவில்லை. "டூப்ளிகேட் வாங்கிட்டு வந்திருக்க" என்றான் பாலீஷ்காரன். மச்சினன் பல்பைப் பிடுங்கித் திருப்பிச் சொருகினான். எரிந்தது. "பழசு மாதிரி இல்ல மாமா. இதுக்கு ஒரு பக்கமாத்தான் கரண்ட் ஏறும்." இண்டிகேட்டரைப் போட்டால் படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஏன்டா இது இப்படி மூச்சு வாங்குது?"

"பழைய பல்பு கரண்ட நெறைய குடிக்கும். இது கொஞ்சமா குடிக்குது. பல்பு செத்துப்போச்சுன்னு வண்டி பதறுது. ஒரு ரெசிஸ்டர் போட்டு ஏமாத்தணும். இல்லாத பாரத்த இருக்குன்னு காட்டிட்டா நிம்மதியாயிரும்."

கடைசியாக இடது விளக்கு. அந்தக் காருக்குக் கோணக்கண்ணி என்று பெயர் வைத்ததே மச்சினன்தான். எத்தனையோ வருடம் முன்பு மணல் லாரியின் வாலில் முட்டியதிலிருந்து வலது விளக்கு சாலையைப் பார்க்கும், இடது விளக்கு மரத்தில் காக்காய் தேடும். கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து, காரை எதிரே நிறுத்தி, துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு எண்ணெய் விட்டு, தம் கட்டித் திருகினான் மச்சினன். தகரக் கூரையில் கிடந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கோட்டுக்கு வந்தது. "பழைய மஞ்சள் வெளிச்சம்னா போய்த் தொலையுதுன்னு விட்டுரலாம். இந்த வெள்ளையத் தூக்கி வச்சா எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சிரும்" என்றான். வரும் வழியெல்லாம் சாலை சாலையாகத் தெரிந்தது. பாலீஷ்காரன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வேகத்தடையை ஏறுவதற்கு முன்பே பார்த்தான்.

இப்போது கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஹார்னைத் தேடி அழுத்தினான். தொண்டை கட்டிய வாத்துபோல ஒரு குரல் வந்தது. மறுபடி அழுத்தினான். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவன் வீட்டில் சமையலறை விளக்கு எரிகிறது. அவள் உள்ளேதான் இருக்கிறாள். விழுந்துகிழுந்து கிடக்கிறாளோ என்று ஒரு நினைப்பு வந்ததும் காரை அப்படியே ஓடவிட்டு இறங்கி, கேட்டைத் திறந்து, செருப்போடு சமையலறைவரை ஓடினான்.

முதுகைக் காட்டி நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நேரமா அடிக்கிறேன், என்ன பண்ற?" என்றான். அவன் சாதாரணமாகப் பேசினாலே மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்குக் கேட்கும். அவள் திரும்பவில்லை. கத்தி ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ஏய்!" என்றான். திரும்பவில்லை. தோளைத் தொட்டான். அவள் கத்தியோடு துள்ளித் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் கண் நேராக அடுப்புக்கு மேலே, டப்பாக்கள் அடுக்கிய பலகைக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. பிறகுதான் மறுபடி அவனிடம் வந்தது.

"வெளிச்சம் வரலியே?" என்றாள்.

"என்ன வெளிச்சம்?"

"ஒண்ணுமில்ல. கை கழுவிட்டு வாங்க."

சாப்பிடும்போது அவன் அந்தச் சுவரைப் பார்த்தான். எதிர்ச்சுவரின் உச்சியில் வெளிச்சத்துளை. அதற்கு வெளியே கேட். அதற்கும் வெளியே சந்து. ஒரு தரையில் தண்ணீர் எந்த மூலைக்கு ஓடும் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்கிறவன் அவன். சந்து முனையில் திரும்புகிற காரின் இடது விளக்கு மேலே தூக்கிப் பார்த்தால் அந்த வெளிச்சம் கேட்டைத் தாண்டி, துளையில் நுழைந்து, எந்தச் சுவரில் எந்த டப்பாவுக்குப் பக்கத்தில் விழும் என்று கணக்குப் போட அவனுக்கு ஒரு கவளம் மெல்லுகிற நேரம் போதுமாயிருந்தது. அவள் ஒருநாளும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டைத் திறந்ததில்லை. பகலில் வந்தால் அவள் திறந்ததே இல்லை என்பதும் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள், வேலை இருக்கும் என்று தானே திறந்துகொண்டு போயிருக்கிறான். 

காலையில் வேலைக்குப் போகிற வழியில் மச்சினன் கொட்டகையில் நிறுத்தினான்.

"இடது லைட்டப் பழையபடி தூக்கி வை."

"என்னது?"

"தூக்கி வைடா. எனக்கு அப்படித்தான் பழக்கம்."

"மாமா, இது விளையாட்டு இல்ல. எதிர்ல டூவீலர்காரன் வந்தான்னா நேரா உங்க பானட்டுலதான் வந்து உக்காருவான்." மச்சினன் டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தான். "என்னாச்சு?"

"நேத்து உங்கக்கா கேட் தொறக்கல மாப்ள. ஹார்ன் அடிச்சேன். அப்பவும் தொறக்கல."

மச்சினன் சிரித்துவிட்டான். "அக்காவுக்கு ஹார்ன் அடிச்சா? ஏன் மாமா, காலங்காத்தால காமெடி பண்றீங்க?" சிரிப்பு தனியாகவே போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து நிறுத்தினான். "அடுப்படிக்கு எப்படி மாமா கேக்கும்? நூல் மில்லுல இருக்கும்போதே பாதிக் காது போச்சு. மில்லு மூடுறதுக்குள்ள முழுசும் போச்சு. பக்கத்துல நின்னு சத்தமா சொன்னா கொஞ்சம் கேக்கும், மிச்சத்த வாயப் பாத்துப் புடிச்சுக்கும். புதுசா கேக்குற மாதிரி நிக்கிறீங்க?"

பாலீஷ்காரன் பானட்டில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"தெரியாமயா இத்தன வருஷம் அந்தக் கத்து கத்துறீங்க?" என்றான் மச்சினன். "எங்க வீட்ல ஒரு ஆளு பாக்கியில்லாம சொல்லுவோம். மாமா வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லிக் காட்டுனதில்ல, கொரல மட்டும் ஏத்திக்கிட்டாருன்னு. என் பொண்டாட்டிகிட்ட நானே சொல்லியிருக்கேன், புருசன்னா அப்படி இருக்கணும்னு. அதுக்கு அவ, நீ மொதல்ல மெதுவா பேசக் கத்துக்கன்னா. அது வேற கத."

"தெரியும் தெரியும்" என்றான் பாலீஷ்காரன். "அதுக்கில்ல. சரி, விடு. லைட்டு இப்படியே இருக்கட்டும்."

அவன் கத்தவில்லை. அது அவன் குரல். விடலைப் பயலாக இருந்தபோதே இந்தத் தொழிலுக்கு வந்தவன். மெஷின் ஓடும்போது பேசிப் பேசி, ஓடாதபோதும் அதே குரலில் பேசுகிறவன். மில் மூடிய வருடம்தான் அவன் பெரிய மெஷின் வாங்கினான். அது பழையதைவிட இரண்டு பங்கு அலறும். குரல் அதற்காக ஏறியது. அவளுக்காக அல்ல. காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் காது சுட்டது. செய்யாத வேலைக்கு எவனோ கைகுலுக்கிவிட்டுப் போனதுபோல இருந்தது. அதைவிட மோசம், குலுக்கிய கையை அவன் உதறவும் இல்லை.

கட்டடத்தில் பத்து மணிக்கே கரண்ட் போனது. மதியம்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினான். அவள் ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. வாசல்படியில் நின்று அவள் முதுகைப் பார்த்தான். மில்லில் இருந்த காலத்தில் அவளும் அவள் தோழிகளும் தெருவின் இரண்டு ஓரத்திலிருந்தும் சத்தமே இல்லாமல் வாயை அசைத்துப் பேசிச் சிரிப்பதை அவன் பார்த்திருக்கிறான். நூல் ஓடுகிற சத்தத்தில் வேறு எப்படிப் பேசுவது. அதைப் பார்த்துத்தான் அவளைப் பிடித்துப்போனது. சாமர்த்தியம் என்று நினைத்தான். அந்தச் சாமர்த்தியம் எதைத் தின்று வளர்ந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

முன்னால் போய் நின்றான். அவள் நிமிர்ந்தாள்.

"கரண்ட் இல்ல. அதான் வந்துட்டேன்" என்றான், மற்றவர்கள் பேசுகிற குரலில்.

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "ஒடம்பு சரியில்லயா? சத்தத்தக் காணோம்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"தம்பி போன் பண்ணான். அதான், எழுத்துல அனுப்புவான்ல. லைட்டத் தூக்கி வைக்கச் சொன்னீங்களாம்."

அவன் குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டான்.

"செவுத்துல மஞ்சளா வரும்" என்றாள் அவள். "டப்பாகிட்ட ஆரம்பிச்சு மெதுவா நகந்து கதவு வரைக்கும். வேற வண்டி லைட்டெல்லாம் தரையோட போயிரும், அடுப்படிக்குள்ள ஏறி வர்றது அவ ஒருத்திதான். கோணக்கண்ணி. நேத்துக் காணோம்னு பாத்துட்டே இருந்தேன். லேட்டுன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "திரும்பத் தூக்கி வைக்காதீங்க. எதிர்ல வர்றவனுக்கும் வீட்ல ஒருத்தி வெங்காயம் நறுக்கிட்டு இருப்பா. ஹார்னும் வேணாம். மெதுவா எறங்கித் தொறந்துட்டு வாங்க, கையா தேஞ்சிரும்?"

அவன் தலையாட்டினான்.

"தம்பி வேற என்னவோ எழுதியிருந்தான். நீங்க மொகத்த ஒரு மாதிரி வச்சுட்டுப் போனீங்களாம்." அவள் சட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மில்லு மூடுனப்ப எனக்கு ஒரே பயம். ஒருநாள் கேப்பீங்க, செவிட்டக் கட்டி வச்சிட்டாங்கன்னு ஆடுவீங்கன்னு. என்கூட வேல பாத்தவ வீட்ல அப்படித்தான் நடந்துச்சு, அனுப்பியே விட்டுட்டான். நான் பெட்டிகூட எடுத்து வச்சிருந்தேன், தெரியுமா? நீங்க ஒண்ணும் கேக்கல. ஒருநாள் வேலைவிட்டு வந்து வாசல்ல நின்னு, சோறு ஆயிருச்சான்னு இந்த ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டீங்க. அட, இந்த மனுஷன் தெரிஞ்சுக்கிட்டாரு, சொல்ல மாட்டேங்கிறாருன்னு... அன்னைக்குத்தான் பெட்டியப் பிரிச்சேன்."

பாலீஷ்காரனின் வாய் திறந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்க்கிறவளிடம் முணுமுணுக்க முடியாது. வாய்க்குள் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. அவன் டம்ளரை வாயில் வைத்து, தண்ணீர் தீர்ந்த பிறகும் எடுக்காமல் நின்றான்.

"என்ன?" என்றாள்.

"இல்ல. நான் பேசுனது எல்லாமா கேட்டுச்சு உனக்கு?"

"பாதி கேக்கல. அதான் குடும்பம் ஓடுது" என்றாள். சிரித்துக்கொண்டே சக்கரத்தைத் தள்ளிவிட்டாள்.

கரண்ட் வந்ததும் கட்டடத்துக்குத் திரும்பிப் போனவன் சமையல் மேடைக்கு வெட்டியதில் மிஞ்சிய கறுப்புக் கல் ஒன்றைக் கொத்தனாரிடம் கேட்டு வாங்கினான். இரண்டு முழ நீளம் இருக்கும். பெரிய மெஷினை அதன்மேல் ஏற்ற முடியாது. வேலை முடிந்த பிறகு மாலையில் உட்கார்ந்து கையாலேயே தேய்த்தான். முரட்டுக் கல், அதைவிட மெல்லிசு, அதைவிட மெல்லிசு, கடைசியில் பொடியும் ஈரத்துணியும். மறுநாளும் தேய்த்தான். "யார் வீட்டு வாசலுக்கு?" என்று கேட்டார் கொத்தனார். "எங்க வீட்டுக்குத்தான்" என்றான். சொந்த வீட்டில் அவன் சாணிக்கலர் சிமெண்டுத் தரையைத்தான் வைத்திருந்தான். கொத்தனார் அவன் குரலைக் கேட்டு, "தொண்ட சரியில்லயாப்பா?" என்று கேட்டார். கல்லில் அவன் முகம் தெரிந்தது. பார்க்கிற மாதிரி இல்லை. தேய்ப்பதை நிறுத்தவில்லை.

கேட்டுக்கு உள்பக்கம், சக்கரம் ஏறாத நடுவில், அதைப் பதித்தான். சமமாக அல்ல. வீட்டுப் பக்கத்து ஓரத்துக்குக் கீழே சிமெண்டை அதிகம் கொடுத்துத் தூக்கினான். டார்ச்சைக் கேட்டுக்கு வெளியே கார் விளக்கின் உயரத்தில் பிடித்து, குனிந்து, நகர்த்தி, கல்லைக் கட்டைவிரலால் தட்டி, மறுபடி பிடித்துப் பார்த்தான். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இங்க எதுக்குக் கல்லு?"

"மழையில சேறு மிதிக்காம இருக்க."

"சேறு மிதிக்காம இருக்க எதுக்கு இப்படிச் சரிவா வைக்கணும்? வழுக்கி விழறதுக்கா?"

"தண்ணி ஓடணும்ல" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். அவளுக்குக் கேட்டிருக்காது.

சிமெண்ட் இறுகியதற்கு மறுநாள் மாலை. வேலை முடித்து, மெஷினைக் கழுவி ஏற்றி, சந்து முனைக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. திரும்பினான். புது விளக்குகள் அடக்கமாகத் தரையோடு போயின. பள்ளம் தெரிந்தது, அதன் விளிம்பில் கிடந்த செங்கல் தெரிந்தது. வெளிச்சம் கேட்டின் கம்பிகளுக்கு இடையே நுழைந்து கல்லில் விழுந்து மேலே தெறித்தது. கல்லின்மேல் ஒரு தூசி இல்லை. யாரோ கொஞ்சம் முன்புதான் ஈரத்துணியால் துடைத்திருக்க வேண்டும். ஒரு கணம் கல் இருப்பதே தெரியவில்லை. வீட்டின் முகப்பில் வெளிச்சத்துளை மட்டும் யாரோ உள்ளேயிருந்து பாலை ஊற்றி நிரப்பியதுபோல வெள்ளையாயிற்று.

பள்ளத்தை முதல் கியரில் தாண்டினான். கொண்டி எடுக்கிற சத்தம் கேட்டது.

அவள் ஒரு கதவை இடுப்பால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்துண்டில் கையைத் துடைத்தாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் இத்தனை வருடம் பார்த்த முகம் அல்ல இது. காதோரத்து நரை, கழுத்தில் ஒட்டியிருந்த நூல் துண்டு, கண்ணுக்குக் கீழே ஊசி ஏறியதுபோன்ற சின்னப் பள்ளம், எல்லாமே தெரிந்தன. கிளட்சை விட வேண்டிய கால் அப்படியே நின்றது.

"எனக்குத் தெரியாது" என்றான் பாலீஷ்காரன். கண்ணாடிக்குப் பின்னால், இருட்டில், எந்த மெஷினையும் தாண்டி ஏறாத குரலில். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி."

அவள் புருவத்துக்குமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு காரைப் பார்த்தாள். "ஏதாவது சொல்றீங்களா? இந்த வெளிச்சத்துல உங்க மூஞ்சியே தெரியல" என்றாள். "லைட்ட அணைங்க."

அவன் விரல் விளக்குத் திருகியில் இருந்தது. அவள் ஒரு அடி முன்னால் வந்து, கல்லை மிதிக்காமல் தாண்டி, பானட்டில் ஒரு கையை ஊன்றி, அவன் வாய் இருக்கும் இடத்தைத் தேடிக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் கல் பாதி மறைந்து, துளையின் வெளிச்சமும் பாதியாகி, அவள் அசையும்போதெல்லாம் கூடிக் குறைந்துகொண்டிருந்தது.